வீட்டு மின்னணுப் பூட்டு

வீட்டு மின்னணுப் பூட்டு என்பது உலோகச் சாவி இல்லாமல் கதவைத் திறக்கவும் பூட்டவும் உதவும் கருவி ஆகும். எண், விரல் ரேகை, அட்டை, திறன்பேசி ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ இது அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. பேச்சு வழக்கில் டிஜிட்டல் லாக், ஸ்மார்ட் லாக், நம்பர் லாக் என்று பலவாறாக அழைக்கப்படுகிறது. சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசற்கதவுகளில் இதனை இப்போது பரவலாகக் காணலாம்.

ஒருவரை அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. அவரிடம் இருக்கும் பொருளைக் கொண்டு அறிவது ஒன்று. சாவியும் அட்டையும் இவ்வகை. அவருக்குத் தெரிந்த செய்தியைக் கொண்டு அறிவது இரண்டாவது. இரகசிய எண் இவ்வகை. அவருடைய உடலின் அடையாளத்தைக் கொண்டு அறிவது மூன்றாவது. விரல் ரேகை இவ்வகை. மரபான பூட்டு முதல் வழியை மட்டுமே அறியும். மின்னணுப் பூட்டு மூன்றையும் கையாளும். அதன் நன்மைகளும் குறைகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

1778-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் நெம்புத்தகடுகளைக் கொண்ட பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சரியான சாவி உள்ளே நுழைந்து, ஒவ்வொரு தகட்டையும் குறித்த உயரத்துக்குத் தூக்கினால்தான் அது திறக்கும். 1861-இல் அமெரிக்காவின் லைனஸ் யேல் (இளையவர்) தட்டையான சிறு சாவியால் திறக்கும் உருளைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டுக் கதவுகளின் உருளைப் பூட்டுகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

தமிழ்நாட்டில் பூட்டு என்றாலே திண்டுக்கல் நினைவுக்கு வரும். அங்கே கையால் செய்யப்படும் நெம்புத்தகட்டுப் பூட்டுகளும், மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டும் பெயர் பெற்றவை. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பம்பாயில் 1897-இல் அர்தேஷிர் கோத்ரெஜ் தொடங்கிய பூட்டுத் தொழில் பின்னர் நாடு முழுவதும் பரவியது.

சாவியை அட்டையாக மாற்றும் முயற்சி தங்கும் விடுதிகளில் தொடங்கியது. விருந்தினர் அறையைக் காலி செய்யும்போது சாவியைத் திருப்பித் தராவிட்டாலோ, நகல் எடுத்து வைத்திருந்தாலோ, அடுத்து அங்கே தங்குபவருக்கு ஆபத்து. 1970-களில் நார்வே நாட்டைச் சேர்ந்த தூர் சோர்னெஸ் துளையிட்ட நெகிழி அட்டையால் திறக்கும் பூட்டை உருவாக்கினார். அட்டையில் 32 இடங்களில் துளை இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆகவே 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 429 கோடி வெவ்வேறு அமைப்புகள் கிடைக்கின்றன. பூட்டைக் கழற்றாமல் அதன் சாவியை மட்டும் மாற்ற முடிந்தது இதன் சிறப்பு. இன்றைய வீட்டு மின்னணுப் பூட்டின் முதன்மையான பயனும் அதுவே.

விரல் ரேகையைப் பயன்படுத்தும் கலைக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ஆட்சி அலுவலராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஒப்பந்தம் ஒன்றில் கைப்பதிவு வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் அமைந்தது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினர்.

அமைப்பு

வாசற்கதவில் பொருத்தப்படும் மின்னணுப் பூட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது.

வெளி அலகு: எண் பலகை, ரேகை உணரி, அட்டையைக் காட்டும் இடம், கைப்பிடி ஆகியவை இதில் இருக்கும்.

பூட்டுப் பெட்டி: கதவின் தடிமனுக்குள் புதைந்திருக்கும் இரும்புப் பெட்டி இது. இதிலிருந்து நீளும் உலோக நாக்கு, நிலைச்சட்டத்தில் பதித்த தகட்டின் குழிக்குள் நுழைந்து கதவைப் பிடித்துக்கொள்கிறது.

உள் அலகு: மின்கலங்கள், நுண்கட்டுப்படுத்தி, சிறு மின்னோடி ஆகியவை இதில் இருக்கும்.

பல பூட்டுகளில் வெளிக் கைப்பிடி சாதாரண நேரத்தில் எதனுடனும் இணைந்திருக்காது. அதை எவ்வளவு அழுத்தினாலும் வெறுமனே சுற்றும். சரியான எண்ணோ ரேகையோ கிடைத்ததும் நுண்கட்டுப்படுத்தி மின்னோடியை ஒரு கணம் இயக்கும். அது கைப்பிடியையும் உலோக நாக்கையும் இணைக்கும். அதன் பின் கதவைத் திறப்பது மனிதக் கையின் விசைதான். மின்னோடி செய்வது இணைக்கும் வேலை மட்டுமே என்பதால் சிறு மின்கலங்களே பல மாதங்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

நன்கு வடிவமைத்த பூட்டில், திறக்கலாமா கூடாதா என்னும் முடிவை எடுக்கும் பகுதி உள் அலகில் இருக்கும். அப்போது வெளி அலகை உடைத்து, கம்பிகளை இணைத்தாலும் கதவு திறக்காது. மலிவான சிலவற்றில் அந்தப் பகுதி வெளியிலேயே இருக்கும். வாங்குபவர் கேட்டறிய வேண்டிய முதல் செய்தி இது.

திறக்கும் வழிகள்

எண்: நான்கு இலக்க எண்ணில் 10,000 வாய்ப்புகள் உள்ளன, ஆறு இலக்கத்தில் 10 லட்சம். ஐந்து முறை தவறினால் மூன்று நிமிடம் செயலிழக்கும் பூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு இலக்க எண்கள் அனைத்தையும் முயன்று பார்க்க ஏறத்தாழ 100 மணி நேரம் ஆகும். ஆனால் நடைமுறையில் திருடன் எல்லா எண்களையும் முயல வேண்டியதில்லை. ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்தோ அழுக்கேறியோ தெரியும். நான்கு வெவ்வேறு இலக்கங்களை வரிசைப்படுத்த 24 வழிகளே உண்டு. அப்போது 100 மணி நேரம் ஏறத்தாழ கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். மூன்று பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அதாவது ஓர் இலக்கம் இரண்டு முறை வந்தால், 36 வழிகள் கிடைக்கும். எண்ணை அவ்வப்போது மாற்றுவதும், பலகையைத் துடைத்து வைப்பதும் இதனால்தான் தேவையாகின்றன. சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் பொய்யான இலக்கங்களை அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதி பல பூட்டுகளில் உண்டு. அருகில் நிற்பவர் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வதை இது தடுக்கும்.

விரல் ரேகை: பெரும்பாலான வீட்டுப் பூட்டுகளில் குறைகடத்தி உணரி இருக்கிறது. விரலின் மேடுகள் உணரியைத் தொடும், பள்ளங்கள் தொடாது. இதனால் ஏற்படும் மின்தேக்கு வேறுபாட்டைக் கொண்டு ரேகையின் வடிவம் அறியப்படுகிறது. பொதுவாக ரேகையின் படம் சேமிக்கப்படுவதில்லை. கோடுகள் முடியும் இடங்கள், கிளை பிரியும் இடங்கள் ஆகியவற்றின் கணக்கே சேமிக்கப்படும். இதில் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். அயலாரை ஏற்றுக்கொள்வது ஒன்று, உரியவரை மறுப்பது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும்.

அட்டை: அட்டைக்குள் சிறு சில்லும் கம்பிச் சுருளும் உள்ளன. மின்கலம் கிடையாது. பூட்டுக்கு அருகே கொண்டுசென்றதும் பூட்டின் காந்தப்புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று அட்டை தன் அடையாளத்தைச் சொல்லும்.

திறன்பேசி: இது புளூடூத் மூலம் பூட்டுடன் நேரடியாகப் பேசும். நல்ல பூட்டு ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றைக் கேள்வியாக அனுப்பும். திறன்பேசி இரகசியத் திறவியைக் கொண்டு அதற்கான விடையைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும். தேர்வில் ஆண்டுதோறும் வினாத்தாள் மாறுவது போல இங்கு ஒவ்வொரு முறையும் வினா மாறுகிறது. ஆகவே நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவருக்கு இன்று அது பயன்படாது.

ஒருமுறை எண்: வெளியூரில் இருக்கும் உரிமையாளர், வீட்டுக்கு வரும் உறவினருக்குக் குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லும் எண்ணைத் தரலாம். பூட்டுக்கும் செயலிக்கும் பொதுவான இரகசியத் திறவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இந்த எண் பெறப்படும். இரு பக்கமும் ஒரே கணக்கைச் செய்வதால், இம்முறையைப் பின்பற்றும் பூட்டுக்கு இணைய இணைப்பு தேவையில்லை. பூட்டிலுள்ள கடிகாரம் சரியாக ஓடினால் போதும்.

மின்சாரம் நின்றால்

மின்வெட்டு நேர்ந்தால் வீட்டுக்குள் போக முடியாதே என்பது பலருக்கு எழும் முதல் ஐயம். வீட்டுப் பூட்டுகள் பெரும்பாலும் வீட்டு மின்னிணைப்பைச் சார்ந்தவை அல்ல. நான்கு 1.5 வோல்ட் மின்கலங்கள் சேர்ந்து 6 வோல்ட் தருகின்றன. அவை தீரும் நிலையில் பூட்டு ஒலி எழுப்பி எச்சரிக்கும். அதையும் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால், வெளி அலகின் அடியிலுள்ள முனைகளில் 9 வோல்ட் மின்கலத்தை வைத்தோ, யூ.எஸ்.பி. கம்பி வழியாகத் திறன்பேசி மின்னேற்றியை இணைத்தோ பூட்டை உயிர்ப்பிக்கலாம். அப்போதும் சரியான எண்ணோ ரேகையோ தேவை.

மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் மின்கலங்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், அவற்றின் அளவைப் பூட்டு தவறாகக் கணிக்கக்கூடும். தயாரிப்பாளர் சொல்லும் வகையையே பயன்படுத்துவது நல்லது. பல மாதங்கள் வெளியூரில் இருப்பவர்கள் பழைய மின்கலங்களை விட்டுச் செல்லக் கூடாது. அவை கசிந்து உலோக முனைகளை அரித்துவிடும்.

அடுக்குமாடிகளின் பொது வாசலில் உள்ள மின்காந்தப் பூட்டு இதிலிருந்து வேறுபட்டது. ஏறத்தாழ 280 கிலோ விசையைத் தாங்கும் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் காந்தம் விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும். தீ விபத்தின்போது மக்கள் வெளியேற வேண்டும் என்பதற்காக இப்படி அமைக்கப்படுகிறது. மின்சாரம் நின்றபோது பொது வாசல் காவலின்றி இருக்கும் என்பதைக் குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டும்.

மேற்கு மாம்பலம்: ஓர் எடுத்துக்காட்டு

மின்னணுப் பூட்டின் பயனையும் வரம்பையும் அறிய மேற்கு மாம்பலம் நல்ல எடுத்துக்காட்டு. மாம்பலம் இரயில் நிலையத்துக்குக் கிழக்கே தியாகராய நகரும் மேற்கே மேற்கு மாம்பலமும் அமைந்துள்ளன. முன்பு இப்பகுதியில் பெரிய ஏரி இருந்ததை லேக் வியூ சாலையின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. திண்ணை வைத்த தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ பணியாற்ற, முதிய பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகள் இங்கு உண்டு. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் வருபவர்கள், செவிலியர், மருந்து கொண்டுவருபவர் எனப் பலர் ஒரே நாளில் வந்து போகின்றனர். நடக்கச் சிரமப்படும் முதியவர் ஒவ்வொரு முறையும் எழுந்து கதவைத் திறப்பது எளிதன்று. மாற்றுச் சாவியைப் பலருக்கும் கொடுத்து வைப்பதும் பாதுகாப்பன்று. இந்த இடத்தில்தான் மின்னணுப் பூட்டு உண்மையாகவே உதவுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம். வேலையை விட்டு நின்றவரின் எண்ணை மட்டும் நீக்கலாம். சாவி செய்பவரைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் இங்குள்ள வீடுகளின் அமைப்பு இந்தப் பயனைக் கெடுத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு இருக்கும். மரக்கதவில் விலையுயர்ந்த மின்னணுப் பூட்டைப் பொருத்திவிட்டு, கிரில் கதவில் பழைய தொங்கு பூட்டைப் போட்டால் சாவியின் தேவை அப்படியே இருக்கும். மேலும், வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்பதை மாடிப்படி ஏறுபவர் அனைவருக்கும் அறிவிக்கும். கதவுக்குள் புதைந்த பூட்டைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. கிரில் கதவை நீக்கவேண்டும் என்பதில்லை. இரண்டு கதவுகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது உள்தாழ்ப்பாள். இரவில் படுக்கும்முன் மேல் தாழ்ப்பாளையும் கொண்டியையும் போடுவது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். தனியாக இருக்கும் முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால், பக்கத்து வீட்டாரிடம் எண் இருந்தும் அவர்களால் உள்ளே வர முடியாது; பூட்டு திறக்கும், தாழ்ப்பாள் திறக்காது. பல மின்னணுப் பூட்டுகளிலும் உள்ளிருந்து திருகினால் வெளி எண்களை ஏற்காத இரட்டைப் பூட்டு வசதி உண்டு. அதற்கும் இதே விளைவுதான். அவசரத்தில் பிறர் உள்ளே வரவேண்டும் என்பதற்காகப் பூட்டு வாங்கியவர்கள், தாழ்ப்பாளைப் பற்றியும் வீட்டுப் பெரியவரிடம் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பூட்டு தானாகவே பூட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டி, அவருக்கு நம்பிக்கை வந்த பிறகே தாழ்ப்பாள் வழக்கத்தை விடச் சொல்லலாம்.

மழையும் கவனிக்கத்தக்கது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரக்கதவு ஈரத்தை உறிஞ்சி உப்பும். உலோக நாக்கு, சட்டத்திலுள்ள குழிக்கு நேராக அமையாமல் உரசும். சாவிப் பூட்டாக இருந்தால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகிவிடலாம். மின்னோடியால் நாக்கை நகர்த்தும் பூட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது திணறும், மின்கலமும் விரைவில் தீரும். தச்சரைக் கொண்டு கதவின் ஓரத்தை இழைத்துச் சரிசெய்வது பூட்டைப் பொருத்துவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் வீட்டின் வை-ஃபை கருவி இயங்காது. வெளிநாட்டிலிருக்கும் மகனோ மகளோ செயலி வழியாகக் கதவைத் திறக்க முடியாது. ஆனால் மின்கலத்தில் இயங்கும் எண் பலகையும் ரேகை உணரியும் வழக்கம்போல் வேலை செய்யும். தொலைவிலிருந்து திறப்பதை மட்டுமே நம்பி எண்ணை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது இக்காரணத்தால் தவறு.

விரல் ரேகையின் வரம்பு

வயது ஏற ஏறத் தோல் உலர்ந்து ரேகைகள் தேய்கின்றன. பாத்திரம் துலக்குபவர், துணி துவைப்பவர், கட்டட வேலை செய்பவர் ஆகியோரின் ரேகைகளும் மங்குகின்றன. நியாய விலைக் கடைகளில் முதியோரின் விரல் பதியாத சிக்கலைத் தமிழ்நாட்டினர் நன்கு அறிவர்; அதற்காகவே கருவிழிப் பதிவு கொண்டுவரப்பட்டது. வீட்டுப் பூட்டிலும் அதே சிக்கல் எழும். கோலமாவு படிந்த விரல், ஈர விரல், மருதாணி இட்ட விரல் ஆகியவற்றையும் உணரி மறுக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிவு செய்து, எண்ணையும் கூடவே வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

பாதுகாப்புக் குறைகள்

அட்டைகளில் பரவலாகப் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சில்லின் மறையாக்கத்தை உடைக்க முடியும் என்பதை 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவினர். 2012-இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், விடுதி அறைப் பூட்டு ஒன்றின் அடியிலுள்ள இணைப்புத் துளை வழியாகச் சிறு கருவியைச் செருகி அதைத் திறக்கலாம் என்று காட்டப்பட்டது. மின்னணுப் பூட்டில் குறை வெளிப்பட்டால் அதே வகைப் பூட்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வலுவிழக்கின்றன. எனவே மென்பொருள் மேம்படுத்தலைத் தொடர்ந்து வழங்கும் தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

எனினும் வீட்டுத் திருட்டுக்கு இத்தனை நுட்பம் தேவைப்படுவதில்லை. கடப்பாரையால் நெம்பினால் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பூட்டு அல்ல, நிலைச்சட்டத்திலுள்ள தகடுதான். அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் தகட்டுக்கு எதிரே எவ்வளவு அறிவார்ந்த பூட்டு இருந்தாலும் பயனில்லை. நீண்ட திருகாணிகளால் தகட்டைச் சட்டத்தில் ஆழமாகப் பதிக்க வேண்டும்.

தனியுரிமை

யார், எப்போது கதவைத் திறந்தார் என்ற குறிப்பைப் பல பூட்டுகள் சேமித்து வைக்கின்றன. முதியவர் வழக்கம்போல் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தாரா என்று தொலைவிலுள்ள பிள்ளைகள் அறிந்து நிம்மதி அடையலாம். அதே குறிப்பு, பெற்றோரையும் பணியாளரையும் கண்காணிக்கும் கருவியாகவும் மாறலாம். குறிப்பு பதிவாகிறது என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. விரல் பதிவைத் தர விரும்பாத பணியாளருக்கு எண் கொடுத்தாலே போதும். இரகசிய எண் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியாது. இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தம் சொந்த வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஆகவே வீட்டுக்குள் இந்த நேர்மையைக் காப்பது வீட்டாரின் பொறுப்பாகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கதவின் தடிமனையும், கதவு வலமாகத் திறக்கிறதா இடமாகத் திறக்கிறதா என்பதையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. உள்ளிருந்து எண்ணோ சாவியோ இல்லாமல் ஒரே அசைவில் கதவு திறக்க வேண்டும். தீ விபத்தில் உயிர் காப்பது இதுவே.
3. இயந்திரச் சாவித் துளை உள்ள பூட்டானால், அந்தச் சாவியை வீட்டுக்குள் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.
4. மழைச்சாரல் படும் கதவானால் ஐ.பி. தரக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். ஐ.பி.65 என்பதில் 6 தூசியையும் 5 நீரையும் தாங்கும் அளவைக் குறிக்கும்.
5. பொருத்திய அன்றே தொழிற்சாலையில் வைத்த முதன்மை எண்ணை மாற்ற வேண்டும். பொருத்த வந்தவருக்குத் தெரிந்த எண்ணை வைத்திருக்கக் கூடாது.
6. வாடகை வீட்டுக்குக் குடிபோனால், முந்தைய குடியிருப்பவரின் எண்களையும் ரேகைகளையும் முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.
7. ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பாக மழைக்காலத்துக்கு முன், மின்கலங்களை மாற்றிவிட வேண்டும்.

பொருத்தி முடித்ததும், வீட்டிலேயே வயதில் மூத்தவர் வெளியில் நின்று, கண்ணாடி அணியாமல், யாருடைய உதவியும் இன்றி மூன்று முறை கதவைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உள்ளிருந்து ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் அவரால் செய்ய முடியாவிட்டால், அந்த வீட்டுக்கு வேறு பூட்டுதான் தேவை.